இயங்கும் வழங்கிகளில் வன்பொருள் மறுஅமைப்பு: அறியப்பட்ட சிக்கல்கள்

இயங்கு நேர மறுஅமைப்பு என்பது, ஒரு பெரிய வழங்கிக் கணினியை நிறுத்தாமலேயே அதன் செயலிகள், நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு அட்டைகள் ஆகியவற்றைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஆகும். வங்கிக் கணக்குகள், தொலைபேசிக் கட்டணம், பயணச்சீட்டு முன்பதிவு போன்ற பணிகளைச் சுமக்கும் கணினிகளை நினைத்த நேரத்தில் அணைத்துவிட முடியாது. நினைவகத் துண்டு ஒன்று பிழை காட்டத் தொடங்கினால், அது முற்றிலும் கெடுவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். ஆனால் கழற்றுவதற்காகக் கணினியை நிறுத்தினால், எந்த நிறுத்தத்தைத் தவிர்க்க நினைத்தோமோ அதையே நாமே வரவழைத்ததாகிவிடும். இந்த முரண்பாட்டைத் தீர்க்க எழுந்ததே இத்தொழில்நுட்பம்.

விற்பனைக் கையேடுகளில் சேர்த்தலும் நீக்கலும் ஒரே வரியில் இடம்பெறும். நடைமுறையில் இரண்டும் ஒன்றல்ல. புதிய அறையைக் கட்டி வீட்டோடு இணைப்பது ஒரு வேலை. ஆள் குடியிருக்கும் அறையை இடிப்பது வேறு வேலை. சேர்க்கப்படும் பகுதியில் எவரும் இன்னும் குடியேறவில்லை. நீக்கப்படும் பகுதியிலோ யார் யார் இருக்கிறார்கள், அவர்களுள் யார் வெளியேற மறுப்பார்கள் என்பது முயன்று பார்க்கும்வரை முழுதாகத் தெரிவதில்லை. கீழே காணும் சிக்கல்களில் பெரும்பாலானவை நீக்கலைச் சார்ந்தவையே.

ஸ்டார்ஃபயர் கணினியும் பலகை அமைப்பும்

இத்தொழில்நுட்பத்தைப் பரவலாக அறியச் செய்தவற்றுள் ஒன்று, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1997இல் வெளியிட்ட எண்டர்பிரைஸ் 10000 என்னும் வழங்கி. ஸ்டார்ஃபயர் என்பது அதன் மற்றொரு பெயர். அதன் வடிவமைப்பு கிரே ரிசர்ச் நிறுவனத்தின் ஒரு பிரிவிலிருந்து வந்தது; அப்பிரிவை சன் 1996இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்திடமிருந்து வாங்கியது. ஒரு கணினியில் 16 பலகைகள் வரை பொருத்தலாம். ஒவ்வொரு பலகையிலும் 4 செயலிகள் வரையும், நினைவகமும், அட்டைகளுக்கான இடமும் இருந்தன. ஆக மொத்தம் 64 செயலிகள், 64 ஜிகாபைட் நினைவகம். அக்காலத்தில் அது மலைக்கவைக்கும் அளவு.

ஒரே பெட்டியைப் பல தனித்தனிக் கணினிகளாகப் பிரித்து, பகலில் ஒன்றுக்குக் கொடுத்த பலகையை இரவில் மற்றொன்றுக்கு மாற்றிக் கொடுக்க இதில் வழி இருந்தது. பிற்காலத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் பவர் வகை வழங்கிகள், லினக்ஸ் இயங்குதளம், மெய்நிகர் கணினி மென்பொருள்கள் ஆகியவையும் இதே எண்ணத்தை வெவ்வேறு வடிவில் எடுத்துக்கொண்டன. வன்பொருள் மாறினாலும் சிக்கல்கள் பெரும்பாலும் மாறவில்லை.

நினைவகத்தை நீக்குதல்

நினைவகம் பக்கங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பலகையை நீக்குவதற்கு முன் அதிலுள்ள பக்கங்கள் அனைத்தும் வேறிடம் செல்ல வேண்டும். பயனர் மென்பொருள்களின் பக்கங்களைப் பிற பலகைகளுக்கு நகர்த்தலாம். அங்கே இடம் போதாவிட்டால் ஸ்வாப் எனப்படும் வட்டுப் பகுதிக்கு அனுப்பலாம். ஸ்வாப் இடம் குறைவாக இருந்தால் இந்த வடிகட்டல் வேலை முடிவடையாது. 4 ஜிகாபைட் நினைவகத்தைக் கழற்ற விரும்புபவர், அந்த அளவு தரவுக்கு வேறு இடம் உள்ளதா என்று முதலில் கணக்கிட வேண்டும். இது எளிய சிக்கல்; வட்டு இடத்தைக் கூட்டினால் தீர்ந்துவிடும்.

கடினமானது இயங்குதளத்தின் கருப்பகுதியான கெர்னலின் நினைவகம். கெர்னல் தன் அட்டவணைகளையும் நிரல்களையும் நிலையான பௌதிக முகவரிகளில் வைத்திருக்கிறது. அவற்றை வட்டுக்கு அனுப்ப முடியாது. வட்டிலிருந்து மீட்கும் நிரலே அதற்குள்தான் இருக்கிறது. எந்தப் பலகையில் கெர்னல் பக்கங்கள் உள்ளனவோ அந்தப் பலகையைச் சாதாரண முறையில் விடுவிக்க இயலாது.

இதற்குச் சோலாரிஸ் இயங்குதளம் கண்ட வழி துணிச்சலானது. சற்று நேரம் கணினி முழுவதையும் உறைய வைப்பது. பயனர் பணிகள் நிறுத்தப்படுகின்றன. சாதனங்கள் ஒவ்வொன்றும் உறங்க வைக்கப்படுகின்றன. அந்த அமைதியில் பழைய பலகையின் நினைவகம் முழுவதும் மற்றொரு பலகைக்கு நகலெடுக்கப்படுகிறது. பின்னர், பழைய பலகை எந்த முகவரிகளுக்குப் பதிலளித்ததோ அதே முகவரிகளுக்குப் புதிய பலகை பதிலளிக்குமாறு வன்பொருள் மாற்றி எழுதப்படுகிறது. கெர்னல் மீண்டும் விழிக்கும்போது, தான் இடம் மாறியதே அதற்குத் தெரியாது.

இந்த முறைக்கு நிபந்தனைகள் பல. இலக்குப் பலகையின் நினைவகம் மூலப் பலகையின் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு சாதனத்தின் இயக்கியும் உறக்கத்தையும் விழிப்பையும் கையாளத் தெரிந்ததாக இருக்க வேண்டும். ஒரே ஓர் அட்டையின் இயக்கிக்கு அது தெரியாவிட்டாலும் முழு முயற்சியும் நின்றுவிடும். காந்த நாடாச் சாதனங்கள் இதற்குப் பெயர் போனவை. நாடாவில் எழுதுவது தொடர்ச்சியான வேலை என்பதால், நடுவில் நிறுத்தி மீண்டும் அதே இடத்திலிருந்து தொடங்குவதை நம்ப முடியாது. நிர்வாகிகள் பலகை மாற்றத்துக்கு நள்ளிரவைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். காப்புப் பிரதி எடுக்கும் நாடாக்கள் சுழல்வதும் அதே நள்ளிரவில்தான். நிகழ்நேர முன்னுரிமையுடன் ஓடும் பணிகளும் உறைதலைத் தடுக்கும். தம்மை ஒரு கணமும் காக்க வைக்கக் கூடாது என்ற உறுதியைப் பெற்று ஓடுபவை அவை. அவ்வுறுதியை மீறி உறையவைக்க இயங்குதளம் மறுப்பது நியாயமே.

கட்டாயப்படுத்தி உறையவைக்கும் வசதியும் தரப்பட்டிருந்தது. பாதுகாப்பற்றது எனக் குறிக்கப்பட்ட சாதனம் அப்போது பயன்பாட்டில் இல்லை என்று நிர்வாகி உறுதியாக அறிந்திருந்தால் மட்டுமே அதை நாடலாம். ஊகத்தின் பேரில் நாடினால் கணினியே விழுந்துவிடும் ஆபத்து உண்டு.

உறைந்திருக்கும் நேரத்தில் வெளியுலகம் காத்திருப்பதில்லை என்பது அடுத்த சிக்கல். பிணைய இணைப்புகள் சில காலாவதியாகும். கிளஸ்டர் எனப்படும் கணினிக் கூட்டத்தில் இது மேலும் தீவிரமாகிறது. கூட்டத்தின் உறுப்பினர்கள் 'உயிரோடிருக்கிறேன்' என்ற குறிச்செய்தியைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்கின்றன. குறித்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால், அந்த உறுப்பினர் இறந்துவிட்டதாக மற்றவை முடிவு செய்து அதன் பணிகளை எடுத்துக்கொள்ளும். பழுது பார்ப்பதற்காகச் சற்றே மூச்சடக்கிய கணினிக்கு இறுதிச் சடங்கு நடந்துவிடுகிறது. அது விழித்தெழும்போது அதன் வட்டுகள் வேறொரு கணினியின் கைக்குப் போயிருக்கும். இக்காரணத்தால் கிளஸ்டர் மென்பொருள்கள் உறைதல் தேவைப்படும் மாற்றங்களைத் தனியே கட்டுப்படுத்துகின்றன.

உறைதலையே பெரும்பாலும் தவிர்ப்பதற்காகப் பிறந்தது 'கெர்னல் கூண்டு' என்னும் ஏற்பாடு. கெர்னலின் நகர்த்த முடியாத பக்கங்கள் எல்லாப் பலகைகளிலும் சிதறாமல் ஓரிரு பலகைகளுக்குள் அடைக்கப்படுகின்றன. மற்றப் பலகைகளைத் தாராளமாகக் கழற்றலாம். ஸ்டார்ஃபயரில் இதை ஓர் அமைப்புக் கோப்பின் மூலம் இயக்க வேண்டியிருந்தது; அது நடைமுறைக்கு வரக் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தாக வேண்டும். நிறுத்தாமல் பழுது பார்க்கும் வசதிக்கான முன்னேற்பாட்டை, பழுது வருவதற்கு முன்பே, ஒரு நிறுத்தத்தின்போது செய்து வைத்திருக்க வேண்டும் என்று பொருள்.

லினக்ஸில் இதே எண்ணம் 'நகரும் மண்டலம்' என்ற வடிவில் உள்ளது. அம்மண்டலத்தில் நகர்த்தக்கூடிய பக்கங்களுக்கு மட்டுமே இடம். x86 வகைக் கணினிகளில் நினைவகம் பொதுவாக 128 மெகாபைட் தொகுதிகளாகவும், நினைவகம் மிகுந்த கணினிகளில் 2 ஜிகாபைட் வரையிலான தொகுதிகளாகவும் நிர்வகிக்கப்படுகிறது. ஒரு தொகுதியில் நகர்த்த முடியாத பக்கம் ஒன்றே ஒன்று இருந்தாலும் முழுத் தொகுதியும் சிக்கிக்கொள்ளும். ஒரு நினைவகத் துண்டைக் கழற்ற அதன் தொகுதிகள் அனைத்தும் விடுபட வேண்டும். பாதுகாப்புக்காக நகரும் மண்டலத்தை மிகப் பெரிதாக வைத்தாலும் தொல்லை உண்டு. நினைவகம் ஏராளமாகக் காலியாகக் கிடக்கும்போதே, கெர்னல் தனக்கு இடம் கிடைக்காமல் திணறும். காலி இடம் முழுவதும் அது பயன்படுத்தக் கூடாத மண்டலத்தில் இருக்கும். நகரும் பகுதி, மற்றப் பகுதியைப் போல 3 அல்லது 4 மடங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டல்.

தரவுத்தளம் பூட்டிய நினைவகம்

நகர மறுப்பது கெர்னல் மட்டுமன்று. பெரிய தரவுத்தள மென்பொருள்கள் வேகத்துக்காகத் தமக்கென ஒரு பெரும் பகிர்வு நினைவகத்தைப் பிடித்து, அது வட்டுக்குச் செல்லாதவாறு பூட்டிவிடுகின்றன. சோலாரிஸில் அந்தப் பூட்டப்பட்ட நினைவகத்தின் அளவைத் தரவுத்தளம் தொடங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். இடையில் சுருக்க முடியாது. ஒரு பெரிய வழங்கியின் நினைவகத்தில் பெரும்பங்கை வைத்திருப்பதே தரவுத்தளம்தான் என்றால், மீதமுள்ள இடத்தைக் கொண்டு ஒரு பலகையைக் காலி செய்ய வழியில்லை.

சோலாரிஸ் 8இல், ஓடும்போதே அளவை மாற்றக்கூடிய பகிர்வு நினைவகம் அறிமுகமானது. தரவுத்தளமே சில பகுதிகளின் பூட்டைத் திறந்து நினைவகத்தைத் திருப்பித் தரலாம். ஆரக்கிள் தரவுத்தளம் இதைப் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் தீர்வு தன்னோடு புதிய சிக்கலையும் கொண்டுவந்தது. பழைய முறையில் பூட்டிய நினைவகத்துக்கு ஸ்வாப் ஒதுக்கீடு தேவைப்படவில்லை. புதிய முறையில் அதே அளவு ஸ்வாப் இடம் ஒதுக்கப்பட வேண்டும். பூட்டும் வேலையைத் தனியொரு துணைப் பணி செய்தது. அது சரியாக இயங்காவிட்டால் தரவுத்தளம் ஓடும், ஆனால் மிக மெதுவாக ஓடும். பிழைச் செய்தி இல்லாத மந்தமே கண்டுபிடிக்கக் கடினமானது.

பின்னிய முகவரிகள்

நினைவக வேகத்தைக் கூட்ட மற்றொரு வழி, அடுத்தடுத்த முகவரிகளை வெவ்வேறு பலகைகளுக்கு மாற்றி மாற்றிப் பகிர்ந்தளிப்பது. ஒரே நேரத்தில் பல பலகைகள் வேலை செய்வதால் வேகம் கூடும். ஆனால் பாய் பின்னுவது போலப் பின்னப்பட்ட முகவரிகளில் ஒரு கோரையை மட்டும் உருவ முடியாது. சன் நிறுவனத்தின் எண்டர்பிரைஸ் 3500 முதல் 6500 வரையிலான வழங்கிகளில், பலகை நீக்கல் வேண்டுமெனில் இந்தப் பின்னலை மிகக் குறைந்த அளவில் வைக்கும்படி நிலைபொருளில் அமைக்க வேண்டும். வேகம், கழற்றும் வசதி ஆகிய இரண்டில் ஒன்றை வாங்கிய நாளிலேயே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பலர் அப்படி ஒரு தேர்வு இருப்பதை அறியாமலேயே தொழிற்சாலை அமைப்பை ஏற்றுக்கொண்டனர் என்றால் வியப்பில்லை.

செயலிகள்

செயலியை நீக்குவது நினைவகத்தைவிட எளிது. அதில் ஓடும் பணிகளை மற்றச் செயலிகளுக்கு மாற்றினால் போதும். தடையாக நிற்பவை, குறிப்பிட்ட செயலியில் மட்டுமே ஓடுமாறு கட்டப்பட்ட பணிகள். சோலாரிஸ் அத்தகைய கட்டு இருக்கும்வரை செயலியை விடுவிக்காது. லினக்ஸ் விடுவித்துவிடும், ஆனால் கட்டு குலைந்துபோகும். பழைய வகைக் கட்டுப்பாட்டுக் குழுக்களில் செயலி ஒன்று நீக்கப்பட்டால் குழுவின் பட்டியலிலிருந்தும் அது அழிந்துவிடும். அதே செயலியை மறுபடி சேர்த்தாலும் பட்டியலில் தானாகத் திரும்பாது. பழுது சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்திருக்க, ஒரு பணிக்குழு மட்டும் குறைந்த செயலிகளோடு நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

குறுக்கீட்டு எண்களும் ஒரு வரம்பு. x86 செயலி ஒவ்வொன்றிலும் 256 குறுக்கீட்டு எண்களே உள்ளன. அவற்றிலும் ஒரு பகுதி முன்பே ஒதுக்கப்பட்டவை. அட்டைகள் நிறைந்த வழங்கியில் பல செயலிகளை அடுத்தடுத்து நீக்கினால், எஞ்சிய செயலிகளில் குறுக்கீடுகளுக்கு இடமில்லாமல் நீக்கல் மறுக்கப்படும்.

பயன்பாட்டு மென்பொருள்களின் மனப்பாடம் தனிக் கதை. பல மென்பொருள்கள் தொடங்கும்போது செயலிகளை ஒருமுறை எண்ணி, அதற்கேற்ப இழைகளை உருவாக்கிக்கொள்கின்றன. பிறகு எண்ணுவதே இல்லை. ஜாவா இயங்குசூழல் குப்பை சேகரிப்புக்கான இழைகளின் எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே முடிவு செய்வது இதற்கு எடுத்துக்காட்டு. 8 செயலிகளோடு தொடங்கியது, 32 செயலிகள் வந்த பின்பும் 8 என்றே நினைத்துக்கொண்டிருக்கும். கூடுதல் செயலிக்குச் செலவழித்த பணம் சும்மா கிடக்கும். உரிமக் கட்டணம் செயலிக் கணக்கில் வசூலிக்கப்பட்டால் அந்தச் செலவும் கூடவே ஏறும்.

அட்டைகளும் பாதைகளும்

ஒரு பலகையில் வட்டுக்கோ பிணையத்துக்கோ செல்லும் ஒரே பாதை இருந்தால் அதை நீக்க முடியாது. எனவே ஒவ்வொன்றுக்கும் இரு பாதைகள், அவை இரண்டும் வெவ்வேறு பலகைகளில், என்பது அடிப்படை விதி. இரு பாதைகளையும் ஒரே பலகையில் செருகி வைத்துவிட்டு, இரட்டைப் பாதை இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருப்பது அடிக்கடி நேரும் தவறு. பலகையைக் கழற்றும் நாள்வரை அது வெளியே தெரியாது.

பிசிஐ அட்டைகளை ஓட்டத்திலேயே மாற்றுவதற்கான விவரக்குறிப்பு 1997இல் வெளிவந்தது. அதன் வழிவந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் முறையில், செருகுமிடத்தின் அருகிலுள்ள பொத்தானை அழுத்தினால் விளக்கு 5 விநாடி மினுக்கும். தவறான இடத்தை அழுத்திவிட்டவர் அதற்குள் மறுபடி அழுத்திக் கட்டளையைத் திரும்பப் பெறலாம். பொத்தானை அழுத்தாமல் அட்டையை உருவிவிட்டால், அதன் முகவரிகளைப் படிக்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் எல்லாப் பிட்டுகளும் 1 ஆகவே விடை வரும். 'வேலை முடிந்ததா' என்று ஒரு பிட்டைப் பார்த்துக் காத்திருக்கும் இயக்கி, இல்லாத அட்டையிடம் முடிவின்றிக் கேட்டுக்கொண்டிருக்கலாம். புதிய அட்டையைச் செருகும்போதோ வேறொரு குறை தெரியும். அதற்கு வேண்டிய முகவரி வெளியைத் தொடக்கத்தில் நிலைபொருள் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். ஒதுக்கீடு சிறியதாக இருந்தால் அட்டை செருகப்பட்டும் இயங்காது.

சேர்ப்பதிலும் உள்ள சிக்கல்கள்

நினைவகத்தைச் சேர்க்க நினைவகம் வேண்டும். லினக்ஸ் ஒவ்வொரு 4 கிலோபைட் பக்கத்துக்கும் 64 பைட் அளவு குறிப்பு வைத்திருக்கிறது. 128 ஜிகாபைட் புதிதாகச் சேர்த்தால் அதன் குறிப்புகளுக்கு மட்டும் 2 ஜிகாபைட் தேவை. இருக்கும் நினைவகம் தீர்ந்துவருவதால்தான் புதியதைச் சேர்க்கிறோம். அந்த நெருக்கடியில் இந்த 2 ஜிகாபைட் கிடைக்காமல் சேர்த்தல் தோற்கக்கூடும். புதிய நினைவகத்துக்குள்ளேயே அதன் குறிப்புகளை எழுதும் வசதி பின்னாளில் லினக்ஸ் 5.13 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

ஐபிஎம் பவர் வழங்கிகளில் ஒவ்வொரு பிரிவுக்கும் நினைவகத்தின் குறைந்த, உச்ச அளவுகள் முன்பே எழுதப்பட வேண்டும். உச்ச அளவைத் தாண்டிச் சேர்க்கப் பிரிவை நிறுத்தித் தொடங்கியாக வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று உச்சத்தை மிக உயர்த்தி வைத்தால், அந்த உச்சத்துக்கு ஏற்ப முகவரி அட்டவணைக்கான இடம் முதல் நாளிலிருந்தே ஒதுக்கப்பட்டு வீணாகும். மெய்நிகர் கணினிகளில் விஎம்வேர் மென்பொருள் ஓட்டத்திலேயே செயலி சேர்க்கும் வசதியைத் தருகிறது. அவ்வசதியை இயக்கிவிட்டால், எந்த நினைவகம் எந்தச் செயலிக்கு அருகில் உள்ளது என்ற விவரம் உள்ளிருக்கும் இயங்குதளத்துக்கு மறைக்கப்பட்டுவிடும். பெரிய மெய்நிகர் கணினிகளில் அதனால் வேகம் குறையும். என்றோ ஒருநாள் தேவைப்படலாம் என்ற வசதிக்கு ஒவ்வொரு நாளும் விலை கொடுப்பதாக இது அமையும்.

மறுதொடக்கத்துக்குப் பின்

ஓட்டத்தில் செய்த மாற்றம் ஓடும் கணினிக்கு மட்டுமே தெரியும். எழுதி வைத்த அமைப்புக்குத் தானாகத் தெரிவதில்லை. பவர் வழங்கியில் பிரிவு ஒன்றுக்குக் கூடுதல் நினைவகம் கொடுத்துவிட்டு, அதன் அமைப்புப் பதிவில் அதைச் சேமிக்கத் தவறினால், அடுத்தமுறை அப்பதிவிலிருந்து தொடங்கும்போது பழைய அளவே வரும். லினக்ஸில் சாதனங்கள் கண்டறியப்படும் வரிசையைச் சார்ந்து வட்டுப் பெயர்கள் அமைவதால், நேற்றுச் சேர்த்த வட்டு இன்று வேறு பெயரில் எழலாம். நிலையான அடையாள எண்ணைக் கொண்டு இணைக்காதவர்கள் அப்போது தவறான வட்டைத் திறப்பார்கள். பலகை மாற்றம் மார்ச்சு மாதத்தில் நடந்திருக்கும். மறுதொடக்கம் ஆகஸ்டில் நடக்கும். அதற்குள் மாற்றியவர் வேறு பணிக்குப் போயிருப்பார். எனவே மாற்றத்தைச் செய்பவர் ஓடும் நிலையின் விவரங்களையும் எழுதி வைத்த அமைப்பையும் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் பதிந்து, நான்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.